போச்சா: ஆறு பந்தும் ஒரு மீன் ஏலமும்

முதன்முதலில் இந்த விளையாட்டின் பேரைச் சொன்னபோது எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டார், "பேரே போச்சான்னு வச்சிருக்காங்களே டீச்சர், வெளங்குமா?" சிரித்துவிட்டேன். ஆனால் பேர் அதுதான். பந்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல். போசியா, போக்சியா, போச்சியா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், காதில் விழுவது என்னவோ 'போச்சா'தான். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. யாராவது பந்தைத் தப்பாக உருட்டினால் வகுப்பே சேர்ந்து "போச்சா!" என்று ராகம் போடும்.

நான் உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர். சில வருடங்களாக இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. பயிற்சிக் கூட்டத்தில் வீடியோ காட்டுகிறார்கள், சில இடங்களில் பந்துப் பையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியும் இருக்கிறார்கள். கேட்டால் "வீல்சேர் பிள்ளைங்க வெள்ளைப் பந்துகிட்ட பந்தைப் போடுவாங்க, அதானே" என்பார்கள். தப்பில்லை, பாதி சரி. மீதிப் பாதி தெரியாமல் சொல்லிக்கொடுக்கப் போனால் என்ன நடக்கும் என்றால், பிள்ளையின் கையைப் பிடித்து நாமே பந்தைப் போட்டுவிட்டு எல்லாரும் கைதட்டுவோம். முதல் இரண்டு மாதம் நானும் அதைத்தான் செய்தேன்.

கோலி ஆடியவருக்குப் பாதி தெரியும்

கோலிக்குண்டு ஆடியிருப்பீர்கள். யார் முதல் என்று பார்க்க, எல்லாரும் ஒரே கோட்டில் நின்று குழியைப் பார்த்துக் கோலியை விடுவோம். எவன் கோலி குழிக்குக் கிட்டக்க நிற்கிறதோ அவன் முதல். போச்சாவின் அடிப்படை இதுதான். குழிக்குப் பதில் ஒரு வெள்ளைப் பந்து, அதை ஜாக் என்பார்கள். நான் இங்கே வெள்ளை என்றே சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு சிவப்புப் பந்து, இன்னொரு பக்கத்துக்கு ஆறு நீலப் பந்து. வெள்ளைக்கு மிக அருகில் தன் பந்தை நிறுத்த வேண்டும்.

ஆனால் குழி இருந்த இடத்திலேயே இருக்கும், வெள்ளை அப்படி இருக்காது. இடித்தால் நகரும். அங்கேதான் கோலி முடிந்து கேரம் தொடங்குகிறது. எதிராளியின் பந்தைத் தட்டி விலக்கலாம், முன்னால் குட்டையாக விழுந்து கிடக்கும் நம் பந்தையே பின்னாலிருந்து தட்டி உள்ளே தள்ளலாம், வழியை அடைத்து ஒரு பந்தை நிறுத்தலாம், எதுவும் முடியாவிட்டால் வெள்ளையையே தட்டி நம் பந்துகள் கிடக்கும் பக்கமாகக் கொண்டுபோய்விடலாம். கேரம் ஆடுகிற பையன்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு முறை பார்த்தால் போதும், கண் மின்னும்.

பந்து 275 கிராம் எடை, சுற்றளவு 27 சென்டிமீட்டர், அதாவது நல்ல சாத்துக்குடி அளவு. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரியது, எடை ஒன்றேமுக்கால் மடங்கு. தோல் உறைக்குள் பிளாஸ்டிக் குருணை அடைத்திருப்பதால் துள்ளாது, தானியம் கட்டிய துணிப்பை மாதிரி பொத்தென்று விழுந்து கொஞ்சம் உருளும். களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். மாட்டுத்தாவணியில் நிற்கிற பெரிய பஸ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த இடம். ஒரு முனையில் ஆறு கட்டங்கள். ஆடுகிறவர் தன் கட்டத்துக்குள் உட்கார்ந்துதான் எறிய வேண்டும், எறியும்போது இருக்கையை விட்டு எழக் கூடாது.

கண்மாய் மீன் ஏலம்

இனி சொல்லப்போவதுதான் விட்டுப்போன மீதிப் பாதி. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று மாறி மாறி எறிவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாயில் தண்ணீர் வற்றும் சமயம் மீன் ஏலம் விடுவார்கள். அதிகமாகக் கேட்டவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார், அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. பின்தங்கியவர்தான் ஏற்றிக் கேட்க வேண்டும். அவர் ஏற்றிவிட்டால் இவர் முறை. போச்சாவும் அப்படியே. வெள்ளைக்குக் கிட்டக்க யார் பந்து இருக்கிறதோ அவர் சும்மா இருக்கலாம். தூரத்தில் இருப்பவர்தான் எறிய வேண்டும், முந்தும்வரை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். கையில் இருக்கும் ஆறு பந்துதான் அவருடைய காசு.

ஒரு சுற்றை நடத்திப் பார்ப்போம். சுற்று என்பது இரண்டு பக்கமும் தங்கள் பந்துகளை எல்லாம் எறிந்து முடிப்பது. முதலில் சிவப்பு வெள்ளையை எறிகிறது, அது எங்கே நிற்க வேண்டும் என்பதே சிவப்பின் முதல் தந்திரம். பிறகு அவரே தன் முதல் சிவப்பை எறிகிறார், வெள்ளைக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. அடுத்து நீலம். நீலப் பந்து இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டது. சிவப்புதான் கிட்டக்க இருக்கிறது, ஆகவே மறுபடி நீலமே எறிய வேண்டும். இரண்டாவது நீலம் சிவப்பை உரசித் தள்ளிவிட்டு வெள்ளைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் உட்கார்ந்தது. இப்போது மாட்டிக்கொண்டது சிவப்பு. ஆனால் சிவப்பின் கையில் இன்னும் ஐந்து பந்து, நீலத்தின் கையில் நான்கு. நிலவரம் நீலத்துக்குச் சாதகம், காசு சிவப்பிடம் அதிகம். ஒரு பக்கம் ஆறையும் காலி செய்துவிட்டால், மற்ற பக்கம் மீதியை இஷ்டம்போல எறியலாம், தடுக்க ஆள் கிடையாது.

இது புரிந்த நாளில்தான் பிள்ளைகளின் ஆட்டம் மாறியது. அதுவரை கிட்டக்கப் போட்டால் கைதட்டல், தூரப் போட்டால் "பரவாயில்லடா" என்று இருந்தோம். அதற்கப்புறம் ஒரு பந்தை எறியும் முன் "இப்போ எறிஞ்சா வீண் டீச்சர்" என்று ஒருவன் யோசிக்க ஆரம்பித்தான். எட்டாம் வகுப்பு, மூளை முடக்குவாதம், ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு அரை நிமிடம் ஆகும்.

எண்ணும்போது வரும் சண்டை

சுற்று முடிந்ததும் மதிப்பெண். எதிராளியின் மிக அருகிலுள்ள பந்தைவிட நம் பந்து எத்தனை கிட்டக்க இருக்கிறதோ அத்தனை புள்ளி. வெள்ளையிலிருந்து சிவப்புகள் 10, 25, 60 சென்டிமீட்டரில் கிடக்கின்றன. நீலங்கள் 30, 35, 40. பார்க்கிறவர்கள் "நீலம் மூணு கிட்டக்க இருக்கே" என்பார்கள். ஆனால் நீலத்தின் சிறந்த பந்து 30-இல் இருக்கிறது. அதைவிடக் கிட்டக்க சிவப்பு இரண்டு. ஆகவே சிவப்புக்கு 2, நீலத்துக்குச் சுழியம். 60-இல் கிடக்கும் சிவப்புக்கும் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கத்துச் சிறந்த பந்துகளும் அச்சு அசலாகச் சம தூரத்தில் நின்றால் மட்டும் இருவருக்கும் புள்ளி உண்டு. அதற்குத்தான் டேப்.

தனிநபர் ஆட்டம் என்றால் இப்படி நான்கு சுற்று, கூட்டி அதிகம் உள்ளவர் வெற்றி. சமமாக வந்தால் இன்னொரு சுற்று.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வெள்ளை இலக்கு, அது நகரும். பின்தங்கியவர் எறிய வேண்டும். ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் புள்ளி. இந்த மூன்றும் பிடிபட்டால் டிவியில் எந்தப் போச்சா ஆட்டத்தையும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

யாருக்காக வந்த விளையாட்டு

மூளை முடக்குவாதம் என்றால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை வழியில் குழம்புவது. ஸ்கூட்டியில் ஆக்சிலேட்டர் வயர் சிக்கிக்கொண்டால் மெல்ல முறுக்கினாலும் குபீரென்று கிளம்புமே, அது மாதிரி. ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியும், வயர்தான் சொன்னபடி கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக வளர்ந்த விளையாட்டு இது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது, ஒலிம்பிக்கில் இதற்கு ஜோடி கிடையாது. பிறகு தசைச்சிதைவு, தண்டுவடக் காயம் உள்ளவர்களும் சேர்ந்தார்கள். இணை ஆட்டத்திலும் குழு ஆட்டத்திலும் இன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்தேதான் ஆடுகிறார்கள்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதால் வகைப்பாடு என்று ஒன்று உண்டு, கபடியில் எடை பார்த்துப் பிரிப்பதைப் போல இங்கே உடல் இயக்கம் பார்த்துப் பிரிப்பது. பாராலிம்பிக்கில் நான்கு வகுப்பு. பி.சி.1-இல் இருப்பவர்கள் கையாலோ காலாலோ பந்தை அனுப்புவார்கள், பந்தை எடுத்துக் கொடுக்க உதவியாளர் வைத்துக்கொள்ளலாம். பி.சி.2-க்கு இயக்கம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும், உதவியாளர் இல்லை. பி.சி.4 என்பது அதே அளவு சிரமம், ஆனால் காரணம் மூளை அல்ல, தசைச்சிதைவு மாதிரியானவை. பி.சி.3-ஐ வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

முதுகைக் காட்டி உட்காரும் உதவியாளர்

பி.சி.3 ஆட்டக்காரரால் பந்தை எறியவே முடியாது. அதனால் ராம்ப் தருகிறார்கள். பூங்காவில் பிள்ளைகள் சறுக்குகிற பலகை மாதிரி ஒரு சாய்வுத் தடம். மேலே வைத்து விட்டால் தூரம் போகும், பாதியில் வைத்து விட்டால் கிட்டக்கவே நிற்கும். எந்தத் திசை, எவ்வளவு உயரம், எந்தப் பந்து, இந்த மூன்றும்தான் எறிதல். ராம்ப்பை நகர்த்த ஒரு உதவியாளர் உண்டு, ஆனால் பந்தைக் கடைசியில் விடுவது ஆட்டக்காரரேதான். கை வராவிட்டால் தலையில் கட்டிய குச்சியால், அல்லது வாயில் கவ்விய குச்சியால்.

அந்த உதவியாளர் ஆட்டம் நடக்கும்போது களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. "இடப்பக்கம் கொஞ்சம்", "இன்னும் மேலே", "நிறுத்து" என்று ஆட்டக்காரர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். பேச முடியாதவர் கண்ணாலோ தலையசைப்பாலோ சொல்லலாம், அதை உதவியாளர் புரிந்துகொள்ளப் பழகியிருப்பார்.

இந்த ஒரு விதியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் எல்லாரும் அதுவரை களத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு முதுகைக் காட்டியிருக்கிறோம். இந்த விளையாட்டில் உதவி என்பது கைக்குத்தான், முடிவுக்கு இல்லை. பந்தை எடுத்துக் கொடு, சக்கரத்தைப் பூட்டு, ராம்ப்பைத் தூக்கு. எங்கே போடுவது என்பதில் மட்டும் தலையிடாதே. அவன் தப்பாகப் போட்டால் தப்பாகவே போகட்டும், அது அவன் தப்பு, அவனுடைய ஆட்டம். சொல்வது சுலபம், ஒரு அம்மாவை அப்படி உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே, "டீச்சர், இவனுக்குத் தெரியாது டீச்சர், நான் ஒரு தடவ மட்டும் பாத்துச் சொல்லிர்றேன்" என்றார். வீட்டில் அவன் எந்தச் சட்டை போட வேண்டும் என்பதைக்கூடப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் முடிவு செய்துகொண்டிருந்தார்.

பள்ளியில் தொடங்குவது

விலை கொடுத்துப் பந்து வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் பழைய சாக்ஸில் கேப்பையை அடைத்துத் தைத்தோம். மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தபோது கடைக்காரர், "என்னக்கா, கால் கிலோவுக்கு மேல இருபத்தஞ்சு கிராம், சாமிக்கு வேண்டுதலா?" என்றார். பந்து அருமையாக வந்தது. பொங்கல் லீவு முடிந்து பீரோவைத் திறந்தால் எலி பூந்து நான்கு பந்தைக் காலி செய்திருந்தது, நீலத்தில் மூன்று, சிவப்பில் ஒன்று. அப்புறம் பைக் சீட் கவர் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் ரெக்சின் துண்டுகளைக் கொடுத்துப் பிளாஸ்டிக் குருணை அடைத்துத் தைத்து வாங்கினோம். ராம்ப்புக்கு நாலு இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து பாதியை எடுத்துக்கொண்டோம். நாற்காலி முதுகில் சாய்த்தால் ராம்ப்.

இடம் கிடைப்பது கஷ்டம். மண் தரையில் பந்து நின்றுவிடும், வீல்சேரும் புதையும். சிமெண்ட் தளம் உள்ள வராண்டாவோ சத்துணவுக் கூடமோ போதும், முழுக் களம் வேண்டாம், பாதி நீளமே முதலில் அதிகம். சாக்பீஸால் கோடு போடுங்கள். மதுரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் சிமெண்ட் தரையில் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உட்காருவதுதான் எல்லாவற்றுக்கும் முதல். வீல்சேர் பிரேக் போட்டிருக்க வேண்டும், இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், கால் தொங்காமல் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் எட்டாவிட்டால் ஒரு பலகையைப் போடுங்கள். இடுப்பு ஆடினால் கை வராது. கையைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட உட்காரும் விதத்தைத் திருத்தினால் பலன் சீக்கிரம் தெரியும்.

முதல் வாரம் வெள்ளையே வேண்டாம். ஒரு பந்தைக் கையில் கொடுத்து, எப்படி விட்டால் அவனுக்கு வசதி என்று தேடவிடுங்கள். அடியிலிருந்து வீசலாம், தலைக்கு மேல் எறியலாம், நாற்காலிக்குப் பக்கவாட்டில் கையை ஆட்டி விடலாம், காலால் உதைக்கலாம். மூளை முடக்குவாதத்தில் பலருக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினம், விரல் திறக்காது. மெத்தென்ற பந்து கொடுத்தால் சிலருக்குச் சுலபமாகும். இரண்டாவது வாரம் தரையில் வளையம், மூன்றாவது வாரம் வெள்ளை. ஏலக் கணக்கை அதற்கப்புறம்தான் சொன்னேன், அதையும் கரும்பலகையில் போடாமல் ஆளுக்கு மூன்று பந்து வைத்து ஆடிக்கொண்டே.

எறியும்போது சத்தம் போடாதீர்கள். பலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பே விறைத்துக்கொள்ளும், உற்சாகப்படுத்தினாலும் அதேதான். "போடுடா போடுடா" என்று நாம் கத்துவது அவன் கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். பெரிய போட்டிகளிலும் எறியும் நேரத்தில் அரங்கம் அமைதியாகத்தான் இருக்கும். பந்து நின்றபிறகு வேண்டிய மட்டும் கத்துங்கள்.

மற்ற பிள்ளைகள் எங்கே?

பாராலிம்பிக் போட்டிக்குத் தகுதி வேறு, பள்ளி ஆட்டம் வேறு. பள்ளியில் எல்லாரும் ஆடலாம், ஒரே நிபந்தனை, எல்லாரும் நாற்காலியில் உட்கார வேண்டும். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் ஒரு நாள் போட்டி நடத்தி எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்புகிறோமே, அதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. வாரம் ஒரு பீரியடு கலந்து ஆடுவது அதைவிட மேல். கலந்து ஆடும்போது கை கால் நன்றாக உள்ள பையன்கள் முதலில் தோற்பார்கள், ஏனென்றால் அவர்கள் பலத்தைக் காட்டுவார்கள், பந்து சுவரில் போய் நிற்கும்.

பார்வை இல்லாத பிள்ளைக்கு வெள்ளைக்குப் பின்னால் ஒருவர் நின்று கைதட்டினால் திசை தெரியும். ஒரு தட்டில் கடலை, புளியங்கொட்டை வைத்துக் களத்தின் நிலவரத்தைத் தொட்டுப் பார்க்கவும் விடலாம். காது கேளாத பிள்ளைக்கு யார் முறை என்று காட்ட ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் பூசிய அட்டை போதும், நடுவர்கள் வைத்திருப்பதும் அதுதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகச் சிறப்பு ஒலிம்பிக்கில் ஆடுவது பாச்சி, இதற்குச் சொந்தக்கார விளையாட்டு. அங்கே நின்றுகொண்டும் ஆடலாம், பந்தும் விதியும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு போட்டிக்குப் பேர் கொடுத்துவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு ஆட்டம். தசைச்சிதைவு உள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ராம்ப் வைத்து ஆடுகிறாள், ஏழாம் வகுப்புப் பையன் உதவியாளன், எங்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டி, களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். எதிராளியின் ஆறும் தீர்ந்துவிட்டது, நீலம் ஒன்று வெள்ளையை ஒட்டிக் கிடக்கிறது. இவள் பந்து உருண்டு போய் எதிலோ இடித்த சத்தம். எல்லாரும் "ஆ" என்றார்கள். விதிப்படி அவன் வாயைத் திறந்திருக்கக் கூடாது. தாங்க முடியாமல், திரும்பாமல், "என்னக்கா, போச்சா?" என்றான்.

"பேசாம இரு. இன்னும் ரெண்டு இருக்கு. ராம்ப்பை வலப்பக்கம் தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து."